தலைப்பாகையோடு கேட்ட தண்டவாளம்

உங்களில் யாராவது கையைக் காட்டி ரயிலை நிறுத்தப் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன், அதுவும் உட்கார்ந்தபடியே.

எங்கள் தோட்டத்திலிருந்து பெக்கோக் ஊரின் கடைத்தெருவுக்கு அப்போது ரோடு கிடையாது. தண்டவாளத்தில்தான் நடை. ஆற்றுப் பாலம் வந்தால், தண்டவாளத்தில் காதை வைத்து, ரயில் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவோம். அன்று நானும் கேட்டேன். "ஒண்ணுமில்ல, போ" என்று மனைவியை முன்னால் அனுப்பினேன். காதை மூடித் தலைப்பாகை கட்டியிருந்தது நினைவில்லை.

பாதிப் பாலத்தில் போகும்போது எதிரே ரயில் ஊதியது. முன்னால் போன அவள் ஓடி அக்கரை ஏறிவிட்டாள். நானோ இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கட்டைகளின் இடுக்கில் ஆறு தெரிந்தது. தண்டவாளத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு, மறு கையை ரயிலுக்கு நீட்டினேன்.

கரையில் வேலையாக இருந்த ரயில்வே ஆள் ஒருவர், சிவப்புக் கொடியோடு ரயிலை நோக்கி ஓடினார். பாலத்துக்குச் சற்று முன்னால் அது நின்றது. அவர் என்னிடம் வந்தார்.

"அண்ணே, ரயிலு நின்னுடுச்சு. தண்டவாளத்த விடுங்க."

"நெசமாவா?" கண்ணைத் திறக்காமலே கேட்டேன்.

"நீங்க எந்திரிச்சாத்தான் அது போகும்லா!"

கரைக்கு வந்ததும் மனைவி என் தலைப்பாகையைப் பிடுங்கினாள். "உள்ள காது இருக்கா, இல்ல அதத் தோட்டத்துலயே விட்டுட்டு வந்தீங்களா?" கேட்டுக்கொண்டே அழுதாள்.

பிறகு பாலத்தோரமாகப் பலகை அடித்து, கைப்பிடி வைத்து, நடைவழி போட்டார்கள். இப்போது எல்லாரும் அரட்டையடித்துக்கொண்டே கடக்கிறார்கள். நானும் அதில்தான் போகிறேன், தலைப்பாகையை அவிழ்த்து, பலகையில் காதை வைத்துக் கேட்ட பிறகு. ஊரே சிரிக்கிறது. மனைவி மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் நின்று காத்திருக்கிறாள்.