இரண்டு மாடும் வற்றும் மாதம்

சித்ரா மீனாட்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட வேறு ஊரில் தங்கியதில்லை. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இல்லை. மூணாறுக்கு மேலே எஸ்டேட் லயத்து வீட்டில் அவளைப் பெற்றவள் செத்துப்போன அன்றைக்குக்கூட, காலைப் பாலைக் கறந்து கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். வாய்க்கரிசி போட்டாள், அழுதாள், ஒரு மத்தியானப் பால் மட்டும் தவற, அழுகை அடங்குமுன்னே கிளம்பி ராத்திரியோடு ராத்திரியாய் மறுநாள் காலைப் பாலுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். மாமியார் கொடுமையோ புருஷன் கொடுமையோ கிடையாது. வீட்டில் இரண்டு கறவை மாடு. அவ்வளவுதான் விஷயம்.

மாடு வைத்திருக்காதவர்களுக்கு இது விளங்காது. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, தீபாவளி தெரியாது. காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் கறந்தே ஆகவேண்டும். தவறினால் மடி கட்டிக்கொள்ளும். அதிலும் சித்ராவின் மல்லி, அவள் கை பட்டால்தான் பால் சுரக்கும். செவலையோ, வீட்டுக்காரன் நல்லமுத்து பக்கத்தில் போனாலே காலைத் தூக்கும். தாலி கட்டியவனை மாடு நம்பவில்லையே என்று ஊரே சிரிக்கும்.

நான் ராஜசேகர். மாட்டுக்குச் சினை ஊசி போடுவது என் பிழைப்பு. இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாத கட்டுத்தறி கிடையாது. மனுஷர்கள் பெயர் மறந்துபோகும், மாட்டின் பெயர் மறக்காது. வாய் கொஞ்சம் நீளம். "அண்ணே, ஊசியக்கூட மாடு பொறுத்துக்கிரும், ஒங்க வாயத்தான் பொறுக்காது" என்பாள் சித்ரா. இத்தனை வருஷம் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசினாலும், கேலி வந்தாலும் அழுகை வந்தாலும் அவளுக்கு எஸ்டேட் பேச்சுத்தான் வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய மகள் செல்வப்பிரியா போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். லட்சத்தீவு. கொச்சியிலிருந்து கப்பலில் போகவேண்டுமாம். ஆளே குடியில்லாத குட்டித் தீவில், மணலில் கூடாரம் போட்டுத் தங்கலாமாம். சித்ரா மலையில் பிறந்து, மழை எட்டிப் பார்க்காத காட்டில் வாழ்க்கைப்பட்டவள். கடலைக் கண்ணால் கண்டதில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிய வழிய, அவள் அந்த வீடியோவை மறுபடி மறுபடி பார்த்தாளாம். நல்லமுத்து நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவன் என்னைத் தேடி வந்து நின்றான்.

"ஏனுங்ணா, ரெண்டு மாடும் ஒரே மாசத்துல பால் வத்தற மாதிரிப் பண்ண முடியுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்று போடுவதற்கு முன் ரெண்டு மாசம் மாட்டைக் கறக்கமாட்டோம், வற்ற விட்டுவிடுவோம். அப்போது தீனியும் தண்ணீரும் காட்டினால் போதும். அதைப் பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் பார்த்துக்கொள்வாள். இரண்டும் ஒன்றாய்ச் சினை பிடித்தால், ஒன்றாய் வற்றும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பலாம். அதுவும் மழைக்காலத்தில் மாட்டிக்கொள்ளாமல், கடல் அமைதியாய்க் கிடக்கும் மாசியில் வற்றவேண்டும்.

"ஏப்பா, ஊரு உலகத்துல லீவு பாத்து டூர் போவாங்க. நீ மாட்டு வயித்தப் பாத்து டூர் போறயா?" என்றேன்.

"அவ கடலப் பாத்ததில்லீங்ணா" என்றான். அன்றைக்கே காலண்டரை எடுத்து நாள் கணக்குப் போட்டேன்.

முதல் வருஷம் மல்லிக்குச் சினை நின்றது, செவலைக்கு நிற்கவில்லை. அடுத்த வருஷம் செவலைக்கு நின்றது, மல்லி மூன்று தரம் ஊசி போட்டும் ஏமாற்றிவிட்டாள். நமக்கு வேண்டும் என்கிறபோது மாடு என்றைக்கு ஒத்துழைத்திருக்கிறது? அதற்கடுத்த வருஷம் சித்ரா பிடிவாதமாக இருந்தாள். மல்லி பருவத்துக்குக் கத்தியபோது ஊசி போட விடவில்லை. "செவலையும் கத்தட்டும்ணே, ரெண்டுக்கும் சேத்துப் போடுங்க" என்றாள். கடலுக்குப் போவதற்காக நல்ல மாட்டைச் சும்மா நிறுத்தி வைத்த பெண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தாள்.

ஆடி மாதம் இரண்டுக்கும் ஊசி போட்டேன். இரண்டுக்கும் நின்றது. புரட்டாசியில் உள்ளே கையை விட்டுச் சினை பார்த்து நான் உருவினதும், செல்வப்பிரியா கட்டுத்தறியிலேயே குதித்து ஆடினாள். நல்லமுத்து அடக்கமாட்டாமல் பல் தெரியச் சிரித்தான். அன்றைக்கே கப்பல் டிக்கெட்டுக்கு ஏஜெண்டைப் பிடித்தார்கள், தீவுக்குள் போக வேண்டிய அனுமதிக்கு அலைந்தார்கள். பொள்ளாச்சியில் ஒரு கூடாரம் வாங்கி வந்து, பழகிப் பார்க்க வாசலில் போட்டார்கள். அதன் கயிற்றை மல்லி எட்டி இழுத்து மென்றுகொண்டிருந்தாள். "மல்லி, ஒன்னயக் கூட்டிட்டுப் போகலேன்னு கோவமாடி?" என்று கேட்டு, சித்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஐப்பசியில் அம்மைக்குத் தடுப்பூசி வந்தது. மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாய் எழும்புமே, அந்த நோய். நான் வீடு வீடாய்ப் போனேன். சித்ரா வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

"வேண்டாம்ணே. ஊசி போட்டா காய்ச்ச வரும். சினை கலைஞ்சுரும்."

"டாக்டரே சினை மாட்டுக்குப் போடலாங்கறாரு, நீ என்ன பெரிய டாக்டரா?"

"பூவாத்தாக்கா மாடு கன்னு வீசுனது ஊசி போட்ட வாரந்தானண்ணே?"

அது வேறு ஊசி, வேறு காரணம். ஆனால் பயத்துக்கு அதெல்லாம் காதில் ஏறுமா? நான் கத்தினேன். நல்லமுத்து என் முகத்தையும் பெண்டாட்டி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "கன்னு போட்டதும் மொத வேலையா நீங்களே வந்து போடுங்கண்ணே. இப்பக் கலைஞ்சா இந்த வருசமும் போச்சு. பிள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்று கை கூப்பினாள். மறுநாளும் போனேன். கதவைச் சாத்திக்கொண்டாள். வெறுமனே பயம் என்றால் நான் பேசிப் பேசிக் கரைத்திருப்பேன். அது ஆசையும் சேர்ந்த பயம்.

பொங்கல் முடிந்து மல்லி தீனியைத் தொடவில்லை. மறுநாள் உடம்பெல்லாம் கட்டி. கால் நான்கும் உருளையாய் வீங்கிவிட்டது. டாக்டர் வந்தார், நான் வந்தேன், மருந்து போட்டோம். சித்ரா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அரைத்துப் பூசினாள். மாட்டின் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்தாள். இந்த நோயில் எல்லா மாடும் சாவதில்லை. நூற்றுக்கு நாலைந்து போகும் என்பார்கள். அந்த நாலைந்தில் ரெண்டு இவள் வீட்டில் இருந்தது என்பதை நான் எந்தச் சாமியிடம் போய்க் கேட்க?

மல்லி போனாள். அந்தக் குழியின் மண் காயுமுன்னே செவலையும் போனாள். தென்னைமரத்துக்கு அப்பால் ஜேசிபி வைத்துக் குழி வெட்டி, வயிற்றில் கன்றோடு இறக்கினோம். சித்ரா அழவில்லை. இரண்டு தும்புக்கயிற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் மனசு கேளாமல் பார்க்கப் போயிருந்தேன். சித்ரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கப்பல்காரர்களிடமிருந்து நல்லமுத்துவின் போனுக்கு, புறப்பட வேண்டிய தேதியைச் சொல்லி மெசேஜ் வந்தது. அவன் அதைப் படித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். செல்வப்பிரியா எட்டிப் பார்த்துவிட்டாள். அம்மாவைத் தேற்றவேண்டும் என்று அந்தப் பிஞ்சு மனசு நினைத்திருக்கிறது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளைத் தொட்டுச் சொன்னாள்:

"அம்மா, வருத்தப்படாதம்மா. இப்பத்தான் மாடே இல்லியே. இனி நாம எப்ப வேணாலும் போலாமல்ல?"

பளீரென்று விழுந்தது அறை. மாட்டைக்கூட ஒருநாளும் அடித்தறியாத கை அது. பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் விழித்தது. சித்ரா அப்போதுதான் அழுதாள். பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, பெற்றவள் செத்தபோது பாதியில் நிறுத்திவந்த அழுகையையும் சேர்த்து அழுதாள்.

"அம்மையில சாகலண்ணே. எங் கடல் ஆசையில செத்துச்சு. நாந்தான கொன்னேன்" என்றாள். நான் ஆயிரம் சமாதானம் சொன்னேன். நல்லமுத்து எழுந்து வெளியே போய், காலியான மாட்டுத் தாழியில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனும் என் கண் முன்னே உடைந்துபோனான்.

போகவேண்டாம் என்றுதான் முடிவாகியிருந்தது. ஆனால் புறப்படுவதற்கு முந்தின நாள் சித்ராவே மூட்டை கட்டினாள். பிள்ளையை அடித்தது அவளை அரித்துக்கொண்டிருந்தது. விடிகாலைப் பஸ்ஸுக்கு மூட்டையை ஏற்றிவிட நான் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போனேன். தலை வாரி, புதுச்சேலை கட்டிக்கொண்டு வாசல்வரைக்கும் வந்தவள், நின்றுவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

செல்வப்பிரியா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ வல்லீன்னா எனக்கும் வேண்டாம்" என்று அழுதாள். "போ தங்கம், நீ பாத்துட்டு வந்து சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன்" என்று பிள்ளையின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், அறைந்த அதே கன்னத்தில். நல்லமுத்து அவளை ஒரு பார்வை பார்த்தான். வற்புறுத்தவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தான்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இத்தன வருசம் மாடு இருக்குதுன்னு போகல, சரி. இப்ப என்ன இருக்குதுன்னு இங்க உக்காந்துட்ட? பைத்தியமா உனக்கு?"

"மாட்டக் குடுத்துத்தானண்ணே அந்தக் கடல வாங்கியிருக்கேன். எந்த மொகத்த வச்சுக்கிட்டு அதப் போயிப் பாக்க?"

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

சாயங்காலம் பூவாத்தாள் மாட்டுக்கு ஊசி போட வந்தவன், அந்த வீட்டிலும் எட்டிப் பார்த்தேன். காலையில் கட்டிய புதுச்சேலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சோறு பொங்கிய அடையாளம் இல்லை. திட்டலாம் என்று வாயெடுத்தபோது போன் அடித்தது. வீடியோ கால். கப்பல் கிளம்பிவிட்டது போலிருக்கிறது. செல்வப்பிரியாவின் குரல் காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது.

"அம்மா, பாரும்மா! எவ்ளோ தண்ணி பாரும்மா! தெரியுதா?"

சித்ரா கண்ணை இறுக மூடிக்கொண்டு போனை என் கையில் திணித்தாள். நான் வாங்கிப் பார்த்தேன். பிள்ளையின் ஒரு காதும் பறக்கிற முடியும் தெரிந்தன. அப்புறம் போன் திரும்பியது. ஒரே தண்ணீர்.

"தெரியுது சாமி. ரொம்ப நல்லாருக்குது. அம்மாளும் பாத்துட்டுத்தான் இருக்குது."

"அம்மா என்னங் மாமா பண்ணுது?"

சித்ரா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

"சிரிக்குது கண்ணு" என்றேன்.