பத்து மாதக் கிழங்கில் களைவெட்டு

வெண்ணந்தூருக்குத் தெற்கே தார்ச்சாலை முடிந்து மண்தடம் தொடங்கும் இடத்தில் பூபதியின் தோட்டம் இருக்கிறது. மூன்று ஏக்கர். மூன்றிலும் குச்சிக்கிழங்குதான், மரவள்ளியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். தக்காளி என்றால் நாள் தவறாமல் பறிக்க வேண்டும். மாடு என்றால் இரண்டு வேளை கறக்க வேண்டும். கிழங்குக்குக் குச்சியை ஊன்றி, முதல் மூன்று மாதம் களை பார்த்துவிட்டால் போதும், பிறகு அது பாட்டுக்கு மண்ணுக்குள் பெருக்கும். பத்தாம் மாதம் பிடுங்குவதற்கு வியாபாரியே ஆள் கூட்டி வருவார். பயிருக்கும் பயிர் வைத்தவனுக்கும் இத்தனை பொருத்தம் அமைவது அபூர்வம்.

பூபதிக்கு முப்பத்தெட்டு வயது. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது; அதற்கும் எழுந்து போக வேண்டும். கிணற்று மோட்டாரைக் கட்டிலில் படுத்தபடியே செல்போனில் போடுவான். வாசல் படலுக்கு ஒரு கயிறு கட்டி, அதன் மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்து வைத்திருந்தான்; இழுத்தால் படல் திறக்கும். வேப்பமரத்து நிழல் பொழுதோடு நகர்ந்துகொண்டே இருக்கும்; கட்டிலையும் அதோடு இழுக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் யோசித்து இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டான். மரத்துக்கு மேற்கே காலைக் கட்டில், கிழக்கே மாலைக் கட்டில்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தான் செய்யாத வேலையை அவன் ஒருநாளும் அடுத்தவர் தலையில் கட்டியதில்லை. வேலையையே இல்லாமல் செய்துவிடுவான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரே நிறத்தில் ஐந்து சட்டை.

அம்மா போய் நான்கு வருடமாகிறது. அதிலிருந்து அவனுக்குப் பெண் தேடுவது அக்கா அத்தாயியின் பொறுப்பு. அவள் வாழ்க்கைப்பட்டது சங்ககிரியில், லாரி வைத்திருக்கும் குடும்பத்தில். பதின்மூன்று இடம் பார்த்தாயிற்று. பெண் வீட்டார் வெண்ணந்தூர் டீக்கடையில் விசாரிப்பார்கள். "தங்கமான பையனுங்க. என்ன, எந்திரிக்க மாட்டான்" என்பார்கள் அங்கே இருப்பவர்கள். அதோடு சரி.

பதினான்காவது இடம் ராசிபுரம். பெண் பெயர் நர்மதா, வயது முப்பத்து நான்கு. அம்மா இல்லாத வீடு. காலை நாலரைக்கு எழுந்து அப்பாவுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் ஆக்கி வைத்துவிட்டு, ஆறரை பஸ் பிடித்து, செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியில் பில் போடப் போகிறாள். பதினொரு வருடமாக.

பெண் பார்க்கப் போன அன்று அவள் காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். இரண்டு மூச்சு நேரம்தான். ஓய்வைப் பற்றி ஊரில் யாரையும்விட நன்றாகத் தெரிந்தவன் பூபதி. அது கிடைக்காதவளை அவன் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்டான். கிழங்கு ஊன்றினதற்குப் பிறகு அவன் மனதில் ஊன்றிய ஒரே விஷயம் அதுதான்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் தோட்டம் பார்க்க வருவதாக ஏற்பாடு. அத்தாயி முதல் நாளே வந்துவிட்டாள்.

"இதுவும் போச்சுன்னா நான் இனி யாரூட்டு வாசப்படியும் மிதிக்க மாட்டேன் சாமி" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அவங்க வாரப்போ நீ களைக்கொத்தும் கையுமா காட்டுல நிக்கோணும். வேர்த்திருக்கோணும்."

"பத்து மாசக் கெழங்குல யாருக்கா களை வெட்டுவாங்க? அடுத்த வாரம் புடுங்கப் போறாங்க."

"வாரவங்க என்ன வேளாண்மை ஆபீசரா? நீ குனிஞ்சு நிக்கறது தெரிஞ்சாப் போதும்."

இருபத்தைந்து வருடம் டயரும் டீசலும் பார்த்தவள் காட்டை மறந்துபோயிருந்தாள். அவளோடு வாதாட இன்னும் பத்து வாக்கியம் பேச வேண்டும். பூபதி சரி என்றான்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பன்னிரண்டாகியும் வரவில்லை. பூபதி ஆறடி நீளம் கொத்தினான். சட்டையில் தண்ணீர் தெளித்துக்கொண்டான். அது காய்ந்தது. மறுபடி தெளித்தான். அதுவும் காய்ந்தது. கிழங்குச் செடிக்குள் காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. ஒரு நிமிடம் என்று உட்கார்ந்தான்.

"அங்க பாருங்க, பொழுது கெளம்பறதுக்கு முன்னாலயே காட்டுக்குள்ள பூந்துட்டான்" என்று அத்தாயி பெருமையோடு அவர்களைக் கூட்டிவந்தபோது, அவன் களைக்கொத்தைக் கட்டிக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தான்.

வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் நர்மதாவின் தாய்மாமன் கைலாசம், கெங்கவல்லிக்காரர். பஸ்தான் தாமதம். இன்னொருத்தி நர்மதாவே. பெண் கூட வருவது அந்தப் பக்கம் வழக்கமில்லை. 'இருக்கப் போறது நானு, நாந்தான பாக்கோணும்' என்று கிளம்பிவிட்டாள்.

கைலாசம் நாற்பது வருடம் கிழங்கு வைத்தவர். படுத்திருந்தவனைவிடக் கொத்திய ஆறடி மண்தான் அவர் கண்ணை உறுத்தியது.

"எத்தனை மாசக் கிழங்கு தம்பி இது?"

பூபதி பதறி எழுந்தான். "பத்துங்க."

"பத்து மாசத்துல எவன்பா களை வெட்டுவான்? நாலு கிழங்கையும் சேத்து வெட்டி வச்சிருக்க."

அத்தாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா சொன்னாள் என்று அவன் கைகாட்டியிருக்கலாம். ஆனால் அவளை அழவிட்டுத் தான் தப்பிக்க மனசில்லை. பொய் சொல்லவும் முடியாது; சொன்னால் ஆயுசுக்கும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

"களை வெட்டலீங்க. வெட்டறாப்பல நிக்கலாம்னு வந்தனுங்க. அதுவும் முடியலீங்க."

கைலாசம் துண்டை உதறித் தோளில் போட்டார். "கெளம்பும்மா நர்மதா."

"இவ்வளவு தூரம் வந்துட்டோம் மாமா. செத்த உக்காந்துட்டுப் போலாம்" என்றாள் அவள். வேப்பமரத்தடிக்கு நடந்தாள். இரண்டு கட்டிலையும் பார்த்து நின்றாள்.

"எதுக்குங்க ரெண்டு?"

அவன் மறைக்காமல் சொன்னான். அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள், நிழலைப் பார்த்தாள், பிறகு காலைக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அத்தாயி அடுப்பு மூட்ட ஓடினாள். "எதுக்குக்கா இந்த வெயில்ல அடுப்பு? பானைல மோர் இருக்குது, மொண்டு குடிச்சுக்கலாம். நீயும் வந்து உக்காரு" என்றான் பூபதி. புகுந்த வீட்டில் இருபத்தைந்து வருடத்தில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மோர் குடித்து முடித்த நர்மதா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"காலைல எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?"

"எட்டுங்க." அத்தாயி கண்ணாலேயே எரித்தாள். "செல நாளைக்கு எட்டரையும் ஆயிருமுங்க."

"என்னய எத்தன மணிக்கு எழுப்புவீங்க?"

பூபதி நிஜமாகவே யோசித்தான். இப்படியொரு சிக்கலை அவன் எதிர்பார்க்கவில்லை.

"உங்கள எழுப்போணும்னா நான் மொதல்ல எந்திரிக்கோணுமுங்களே."

அவள் சிரிக்கவில்லை. கிழங்குக் காட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தாள்.

"ஒன்றரை பஸ்ஸை விட்டுரப் போறோம்மா" என்றார் கைலாசம்.

"அடுத்த பஸ்ஸுக்குப் போலாம் மாமா."

சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது. பதினொரு வருடத்துத் தூக்கம்.

வெயில் மேற்கே சாய்ந்தது. நிழல் காலைக் கட்டிலை விட்டு நகர்ந்தது. முதலில் அவளுடைய பாதத்தில் வெயில் விழுந்தது, பிறகு முழங்காலில். எழுப்பி மாலைக் கட்டிலுக்குப் போகச் சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். பூபதிக்கு அந்த வார்த்தை வரவில்லை. எழுந்துபோய் மேற்கே நின்று, துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான்.

கால்மணி ஆயிற்று. அரைமணி ஆயிற்று. துண்டு தாழும்போதெல்லாம் மறுபடி உயர்த்திப் பிடித்தான். கைலாசம் எழுந்து அவன் அருகில் வந்தார்.

"சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு தம்பி. நான் கொஞ்சம் புடிக்கட்டா?"

"மெதுவாப் பேசுங்க" என்றான் பூபதி.

அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. அதற்கடுத்தது நாலரைக்குத்தான். கைலாசம் மாலைக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.