பிள்ளைக்காம்பராவுக்கு வந்த சன்னல்

எழுபதுகளில் இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் டிவிசன் பிள்ளைக்காம்பராவின் கூரை ஒரு பெருங்காற்றில் பறந்துபோனது. வேலைக்குப் போகிற நாங்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போக இருந்த ஒரே இடம் அதுதான். புதுக் கூரைத் தகடு வரும்வரை, அங்கே வேலை பார்த்த ஆயா தொழிலாளர் லயத்தில் இருந்த தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு போட்டார்கள். தகடு வரவேயில்லை.

ஆயாவின் வீடு என்பது ஒரே அறை. ஒரு கதவு உண்டு, சன்னல் கிடையாது. பால் காய்ச்சுகிற அடுப்பும் அதற்குள்ளேதான். ஈர விறகு புகைந்து, தொட்டிலில் கிடக்கும் பச்சைப் பிள்ளைகள் இருமி இருமிச் சிவந்துபோகும். என் மகளுக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. எல்லோரையும்விட அவள்தான் அதிகம் இருமினாள். வீட்டில் வைத்துக்கொண்டு நானும் இருந்துவிட்டால் வேலையிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளையிடம் ஓயாமல் கேட்டேன்.

"ஐயா, ஒரு சன்னல் வச்சுக் குடுங்கய்யா."

"பாப்பம், பாப்பம்" என்பார். பார்த்துக் கிழித்தார்.

பிள்ளைகள் இருக்கும் இடங்களைப் பார்வையிடக் கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் சுறுசுறுப்பு வந்துவிட்டது. ஆயா வீட்டுச் சுவரை உடைத்துப் பச்சைச் சாயம் பூசிய சன்னல் ஒன்றைப் பொருத்தினார்கள். வந்தவர்கள் அதைத் திறந்து மூடிப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்கள். அன்று சாயந்தரம் என் மகள் இருமாமல் பால் குடித்தாள். அந்தப் பாவிகளை நான் மனதார வாழ்த்தினேன்.

மறுநாள் காலையில் தோட்டத்து ஆசாரி வந்து சன்னலைக் கழற்றினார்.

"என்னண்ணே இது?"

"அவங்க இன்னைக்கி அடுத்த டிவிசனுக்குப் போறாங்க தங்கச்சி. அங்கயும் மாட்டணுமாம். தோட்டத்துக்கே இது ஒண்ணுதான் இருக்கு."

சன்னல் லொறியில் ஏறிப் போனது. சுவரில் ஓட்டை மட்டும் மிச்சம். மார்கழிச் சாரலும் காற்றும் நேராகத் தொட்டிலில் வந்து விழுந்தன. ஆயா ஒரு சாக்கைத் தொங்கவிட்டாள். அதுவும் நனைந்து சொட்டியது. என் வீட்டுக்காரர் தோட்டத்து ஸ்டோருக்குப் போய், ஓட்டையை அடைக்கக் கொஞ்சம் பலகை கேட்டார்.

"தொரை சொல்லாம ஒரு துண்டுகூடத் தர முடியாது" என்றார் ஸ்டோர்க்காரர்.

தோட்டத்தை நடத்தும் துரையோ கொழும்பு ஆட்களோடு சுற்றிக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் என் மகளுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே, என் மடியில் அடங்கிப்போனாள்.

சாவு விழுந்தால் பெட்டிக்குப் பலகை கொடுப்பது தோட்டத்து வழக்கம். அதற்கு யாருடைய உத்தரவும் வேண்டாம். ஸ்டோர்க்காரர் தானே கதவைத் திறந்து, செத்தது யார் என்றுகூடக் கேட்காமல், பெரிய ஆளுக்கு வேண்டிய பலகையை எடுத்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அத்தனையையும் தோளில் சுமந்து வந்தார். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, மிச்சப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போய் அந்த ஓட்டையில் வைத்து ஆணி அடித்தார்.