பாதி பிணைத்த பாவு

தேவகி ஒரு வீட்டுக்குள் நுழைகிறாள் என்றால் அங்கே தறி நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம். நெய்து முடித்த பாவின், அதாவது நீளவாட்டில் ஓடும் நூல்களின், கடைசி இழைகள் தறியிலேயே இருக்கும். அதற்கு எதிரே புதுப் பாவை இழுத்துக் கட்டியிருப்பார்கள். பழைய இழையின் நுனி ஒன்று, புது இழையின் நுனி ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, சாம்பல் தொட்ட விரல்களால் ஓர் உருட்டு. முடிச்சே இல்லாமல் இரண்டும் ஒன்றாகிவிடும். பிறகு அடுத்த இழை. பட்டுப் பாவு ஒன்றில் இப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. இந்த வேலைக்குப் பிணைப்பு என்று பெயர். தேவகி பிணைத்த இழை, தறிக்குள் இழுக்கும்போது அவிழாது என்பது சின்ன காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் நெசவு வீட்டுப் பெண் அல்ல. ஓரிக்கையில் பயிர்த்தொழில் செய்யும் குடும்பம். கணவர் ஆதிகேசவனுக்குப் பாலாற்றங்கரையில் கொஞ்சம் நிலம். நாற்று நடாத நாட்களில் பிணைப்புக்கு வர ஆரம்பித்தவள், பிறகு நாற்றங்காலையே மறந்துவிட்டாள். பிணைப்பில் விரலுக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. அது தேவகிக்கு ரொம்பவும் பிடித்துப் போயிற்று. யார் வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனான், எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் தறியில் இருந்த புடவையைப் பார்த்துவிட்டு வாய் பிளந்தார்கள் என்பதெல்லாம் அவளோடு வீடு வீடாகப் போயின.

எழுபத்து மூன்றாம் வருஷம் அவளுடைய இடது மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்து மார்பை எடுத்தார்கள். தேறித் திரும்பி வந்தபோது சில வீடுகள் அவளைக் கூப்பிடவில்லை. இந்த நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பலரும் நம்பிய காலம் அது. ரேணுகாம்பாள் வீட்டில் கூப்பிட்டார்கள். ஆனால் காபியைக் கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

தேவகி அதைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்த வாட்டி மேல ஒரு மூடியும் போட்டுக் குடுமா ரேணுகா. நோவு பறந்துடப் போவுது."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன வீட்டிலெல்லாம் நடித்துக் காட்டினாள். தெருவே சிரித்தது. ரேணுகாம்பாள் பல நாள் வாசலுக்குக் கோலம் போடக்கூட வரவில்லை.

உமாபதி வீட்டில் எந்த மாற்றமும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரே தறி. அவர் புடவையின் உடலை நெய்ய, மனைவி காந்தா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுப்பாள். உமாபதிக்கு எதிலும் ஒரு குறை சொல்ல வேண்டும். தேவகி வந்ததும், "வாய இன்னாத்துக்கு விட்டு வெச்சாங்க? அதையும் சேத்து எடுத்துருக்கலாமே" என்றார். தேவகிக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

அந்த வீட்டுப் பாவை அவள் ஒரு சனிக்கிழமை தொடங்கினாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், கரண்ட் வைக்க வேண்டுமாம்; கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் அப்படிச் சொன்னார்கள். தேவகி அதை எக்ஸ்ரே போல ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். "போட்டோ புடிக்கிற மாதிரிதான் காந்தா. காலீல போனா பொழுது சாய வந்துடுவேன்." கற்பூரம் ஏற்றி, சாம்பல் கிண்ணத்தை எடுத்து உட்கார்ந்தாள். ஆனால் அறுத்த பக்கத்துக் கை சீக்கிரமே கனத்தது. பாவில் பாதி ஆகியிருக்கும்போது எழுந்துவிட்டாள். "மீதிய செவ்வாக்கெழம."

திங்கட்கிழமை ஒரு பெண் டாக்டர் அவளைப் படுக்க வைத்து, மார்பிலும் கழுத்தடியிலும் ஊதா மையால் கோடு போட்டார். கோடு அழியக் கூடாது, அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது. ஒன்றரை மாதம் இங்கேயே தங்க வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் ஊருக்குப் போகலாம். "முக்கியமான விஷயம், நடுவுல நிறுத்தக் கூடாது. நிறுத்தினா இதுவரைக்கும் செஞ்சதுக்கே பலன் இல்லாம போயிடும். புரியுதாம்மா?"

"புரியுதுமா" என்றாள் தேவகி. அவள் கண்ணில் நின்றது உமாபதியின் தறி.

ஒரு பாவுக்கு ஒரு கை என்பது அந்தத் தெருக்காரர்களின் வழக்கம். ஒருவர் உருட்டு இறுக்கமாக இருக்கும், இன்னொருவருடையது தளர்வாக இருக்கும். இரண்டும் கலந்தால் இழுக்கும்போது ஒன்று ஓடும், ஒன்று அறும். அதனால் ஒருத்தி பாதியில் விட்ட பாவை இன்னொருத்தி தொட மாட்டாள். அடுத்தவர் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவது போல அது.

முதல் சனிக்கிழமை ஊருக்கு வந்ததும் நேரே உமாபதி வீட்டுக்குத்தான் போனாள். "வேற ஆள வெச்சி முடிச்சிக்கபா. நான் அவுங்ககிட்ட சொல்றேன்."

"யாரு வருவா? வந்தாலும் பாதிப் பாவ யாரு தொடுவா? எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. ஓடு மாத்தணும், மழைக்கு ஒழுகிக்கினு இருக்குது. தறி சும்மா இருந்தாத்தான் மேல ஏற முடியும்."

அன்று ஒரு சாண் அகலம் பிணைத்தாள். அடுத்த வாரம் அதைவிடக் குறைவு. அதற்கடுத்த வாரங்களில் தோல் கருத்து எரிய ஆரம்பித்தது, கையைத் தூக்கவே முடியவில்லை. பாவின் எதிரே வெறுமனே உட்கார்ந்து காந்தாவோடு பேசிவிட்டுப் போனாள். எப்போது போனாலும் உமாபதி வீட்டில் இல்லை. கேட்டால், ஓடு வாங்கப் போயிருக்கிறார் என்பாள் காந்தா.

ஆஸ்பத்திரியில் தேவகிக்குப் பக்கத்துக் கட்டில் தயாவதிக்கு. திருப்பணமூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். அவளுக்கும் இதே நோய்தான், ஆனால் தேவகிக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டாள். வெங்காயமும் கிழங்கும் ஆகாது. அவள் கணவர் ஜீவகுமார் எங்கிருந்தோ சமைத்த சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, சூரியனோடு போட்டி போட்டு ஓடி வருவார். முதல் வாரம் தயாவதி யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

தேவகி அவளிடம் எதுவும் கேட்கவில்லை. தன் பாட்டுக்கு ரேணுகாம்பாளின் கொட்டாங்குச்சிக் கதையைச் சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முதுகு குலுங்கியது.

"அழுவறியா?"

"இல்ல... மூடி" என்றாள் தயாவதி, சிரிப்பை அடக்க முடியாமல்.

அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் தேவகி பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதற்காக அவள் காத்திருந்தாள். "ஓடு மாத்திட்டாரா? பாவு எவ்ளோ ஆச்சு?" காஞ்சிபுரத்தின் அந்த வீட்டைப் பார்த்தே இராத ஒருத்தி, அதன் கூரை ஒழுகுவதற்குக் கவலைப்பட்டாள். சாப்பாட்டோடு வரும் ஜீவகுமார்கூட, "உமாபதி எப்படி இருக்காரு?" என்று விசாரிக்கத் தொடங்கினார்.

சிகிச்சை முடிய இன்னும் ஒரு வாரம்தான். அந்தச் சனிக்கிழமை பஸ் நிலையத்திலிருந்து நடந்து வந்த தேவகியை ரேணுகாம்பாள் வழிமறித்தாள். கொட்டாங்குச்சிக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்வது அதுதான் முதல் தடவை.

"ஊரு கதையெல்லாம் சொல்லிக்கினு இருக்கியே, உமாபதி கதை தெரியுமா உனக்கு? எங்க வூட்டுத் தறியில கூலிக்கு நெய்யிறாரு. சொந்தத் தறிய வெச்சிக்கினு. எல்லாம் உன் பாவுக்காகத்தான்."

தெருவின் செய்திகளையெல்லாம் சுமந்தவளுக்கு, தெரு முழுவதும் தெரிந்த இந்த ஒன்று மட்டும் தெரியாமல் இருந்தது.

காந்தா வீட்டுக்குப் போய் முதலில் கூரையைப் பார்த்தாள். ஓர் ஓடுகூட மாறவில்லை.

"இன்னா காந்தா இது? எனக்குத் தெரியாம மூடி மறைச்சிக்கினு..."

"சொன்னா நீ இன்னா செய்வேன்னு தெரியுமேக்கா."

"அதேதான் செய்யப் போறேன். திங்கக்கெழம நான் போவல. நாளைக்கி வந்து உக்காருவேன், பாவு முடியிற வரைக்கும் எழுந்துக்க மாட்டேன்."

"டாக்டரம்மா நிறுத்தக் கூடாதுன்னாங்களே!"

"அஞ்சு வாரம் வெச்சது பத்தாதா? எவ்ளோதான் சுடுவாங்க? என்னால ஒருத்தரு கூலிக்குப் போறது எனக்கு வாணாம்."

வீட்டில் ஆதிகேசவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். கடைசியில் ஆஸ்பத்திரிப் பையைத் துவைத்த துணிகளால் நிரப்பி, கதவருகே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாம்பல் கிண்ணத்தோடு தேவகி உள்ளே நுழைந்தபோது பாவின் எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காந்தா ஒருத்தி. மற்றவள் ரேணுகாம்பாள். இரண்டு பேர் விரல்களிலும் சாம்பல். மீதி இருந்ததில் ஓரத்து ஒரு பிடி இழைதான் பாக்கி. விடியும் முன்பே உட்கார்ந்திருக்க வேண்டும்.

தேவகி குனிந்து பார்த்தாள். காந்தா இடதுகைக்காரி. அவளுடைய உருட்டு எதிர்ப்பக்கம் ஓடியிருந்தது. ரேணுகாம்பாள் பிணைத்தவை விரல் பட்டாலே அவிழும் போலிருந்தன.

தேவகி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான் செத்தா பூட்டேன்? அதுக்குள்ள என் எலையில வந்து உக்காந்துட்டீங்களா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. இந்தப் பாவு முடிய வேண்டும் என்று அவள் தவித்தது உண்மை. முடிந்துவிடக் கூடாது என்று ஒரு மூலையில் வேண்டிக்கொண்டதும் உண்மை. தனக்காக ஒரு தறி நிற்கிறது என்ற நினைப்போடுதான் அவள் ஒவ்வொரு நாளும் அந்த இயந்திரத்தின் கீழ் போய்ப் படுத்தாள்.

கொல்லைப்பக்கத்திலிருந்து உமாபதி வந்தார். "செத்தவ இப்படிக் கத்த மாட்டா. உக்காரு. அந்தக் கடைசிப் பிடிய யாரு தொட்டது? தொடங்கின கைதான் முடிக்கணும்னு சொல்லி, விட்டு வெச்சிருக்கா காந்தா."

"இதுங்க பிணைச்சது ஒண்ணும் நிக்காதுபா."

"தெரியும். அறுந்து போறதெல்லாம் நான் ஒவ்வொண்ணா பொறுக்கி எடுத்து ஒட்டிக்கிறேன். அது என் தலையெழுத்து. நீ அந்தக் கரண்ட முடிச்சிக்கினு வந்து சேரு. அடுத்த பாவ இவளுங்க கையில குடுத்தா நான் பாலாத்துலதான் விழணும். அதுலயும் இப்ப தண்ணி இல்ல."

தேவகி உட்கார்ந்தாள். ரேணுகாம்பாள் சற்று நகர்ந்து இடம் விட்டாள், ஆனால் எழுந்து போகவில்லை. தேவகி தொட்ட இழைகளுக்கு அடுத்த இழைகளைத்தான், நோய் ஒட்டும் என்று பயந்த அவள் அதுவரை தொட்டுக்கொண்டிருந்தாள். தேவகி அதைக் கவனித்தாள்.

"மூடி எங்க ரேணுகா? கொண்டாரலியா?"

"வேணும்டியம்மா ஒண்ணு. உன் வாய்க்குப் போட."

இடது கையைத் தூக்க முடியாததால் இழை நுனிகளை ரேணுகாம்பாள் பிடித்துக் கொடுத்தாள். தேவகி வலது கையால் உருட்டினாள். கடைசி இழை முடிந்ததும் கற்பூரம் ஏற்றி, உமாபதி பாவை மெல்ல முன்னே இழுத்தார். தேவகி பிணைத்த பகுதி வழுக்கிக்கொண்டு போயிற்று. மற்றவர்கள் பிணைத்ததில் இழைகள் கொத்துக் கொத்தாக அவிழ்ந்தன. உமாபதி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த அழகுக்கு நான் கூலிக்கே போயிக்கினு இருந்திருக்கலாம்."

தேவகி சிரித்தாள். வெந்த தோல் இழுத்து வலித்தது. மார்பைப் புடவையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வர மேலும் சிரித்தாள்.

திங்கட்கிழமை ஆதிகேசவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தார். அந்த வாரம் முழுவதும் வார்டில் இந்தக் கதைதான். காந்தாவின் இடது கைக் கதையைத் தயாவதி திரும்பத் திரும்பக் கேட்டாள். வெள்ளிக்கிழமை டாக்டர் கடைசியாகப் பரிசோதித்துவிட்டு, "முடிஞ்சுதும்மா. இனிமே மாசம் ஒரு தடவை வந்து காட்டினா போதும். கோடு தானா அழியட்டும்" என்றார்.

தேவகி துணிகளை மடித்துப் பையில் வைக்கும்போது தயாவதி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இன்னும் பல நாட்கள் பாக்கி. "அறுந்த இழையெல்லாம் ஒட்டினாரா, தறி ஓடுதான்னு எனக்கு யாரு சொல்லுவா?" என்றாள். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உமாபதி ஒட்டி முடித்திருந்தார். தறி ஓடிற்று. சனிக்கிழமை அந்தச் சத்தம் தேவகிக்குத் தெருமுனையிலேயே கேட்டது. உள்ளே போய்ச் சொன்னாள்: "அடுத்த பாவு வந்தா நாள் பாத்து வைபா. திங்கக்கெழம மட்டும் வாணாம்."

"ஏன், முடிஞ்சிபோச்சின்னாங்களே?"

"எனக்கு முடிஞ்சிபோச்சி."

திங்கட்கிழமை அவள் வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸ் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். "உங்க பேரு இன்னிக்கு இல்லையேம்மா. எதுக்கு வந்தீங்க?"

தேவகி நேரே உள்ளே நடந்தாள். தயாவதி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தேவகி பையைக் கீழே வைத்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த மனுஷன் இன்னா பாடுபட்டாரு தெரியுமா..." என்று ஆரம்பித்தாள்.