பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டு

எனக்கும் படிப்புக்கும் எட்டாம் வகுப்போடு பேச்சுவார்த்தை முறிந்தது. இசை அதற்கு முன்பே, என் பத்தாவது வயதில், என்னைக் கைகழுவிவிட்டது. இசை மேல் தப்பில்லை.

அந்த டிசம்பரில் எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசித்துவந்த அண்ணனுக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை கிடைத்துவிட்டது. சர்ச்சில் கீபோர்டு சொல்லிக்கொடுத்த மாஸ்டரின் வகுப்பில் மிஞ்சியது அக்காவும் நானும். மாஸ்டர் இரண்டு பாட்டுகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, ஆளுக்கு ஒன்றைப் பழகி வரச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பூசையில் நன்றாக வாசிப்பவருக்குத்தான் கிறிஸ்துமஸ் பூசை. அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது. ஊரே நம்மைப் பார்க்கும். கேக் தட்டும் முதலில் நம்மிடம்தான் வரும்.

எது சுலபமான பாட்டு? அப்பாவிடம் நீட்டினோம். அவருக்கு இசை தெரியாது. ஆனால் அவர் வேலை பார்த்த கார் சீட் கம்பெனியில், லைனில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை ஸ்க்ரூ என்று எண்ணி, குறைவென்றால் சுலபம் என்று பச்சை, நிறையவென்றால் கஷ்டம் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் பென்சிலை எடுத்து, தாளில் ஸ்வரங்களைக் குறிக்கும் புள்ளிகளை எண்ணத் தொடங்கினார். ஒரு தாளில் எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி முந்நூறுக்கு மேல் கறுப்புப் புள்ளிகள். இன்னொன்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெறும் வெள்ளை வட்டங்கள்.

"இதுல இன்னாடா, உள்ள ஒண்ணுமே இல்ல! மொத்தம் நாப்பதுதான் கீது."

பச்சை ஒட்டினார். அக்காவும் அதற்குத்தான் கை நீட்டினாள். நான் தரையில் புரண்டு அழுது வென்றேன்.

ஸ்டிக்கரைப் பார்த்து மாஸ்டர் சிரித்தார். "ஒவ்வொரு வெள்ளையையும் நாலு எண்ற வரைக்கும் அமுக்கிக்கினே இருக்கணும்டா. அவ்ளோதான்" என்றார். நாலு வரை எண்ண எனக்குத் தெரியும். அன்றே கேக் தின்ற மாதிரி இருந்தது.

ஞாயிறு வந்தது. முதல் வட்டத்தை அமுக்கினேன். ஒன்று, இரண்டு... யாரோ இருமினார்கள். அம்மா பாடகர் வரிசையிலிருந்து என்னையே பார்த்தாள். விரல் அரித்தது. இரண்டாவது வட்டத்துக்கு மூன்று வரைதான் எண்ணினேன். பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டேன். பாடுகிறவர்கள் இரண்டாவது வரியில் இருக்கும்போது நான் பாட்டையே முடித்து, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். மீதியை அவர்கள் அநாதையாகப் பாடினார்கள். அக்காவும் அவளுடைய பாட்டில் நாலைந்து இடத்தில் தப்பு செய்தாள். அந்தப் புள்ளிக் கூட்டத்தில் அது யார் காதிலும் விழவில்லை. கிறிஸ்துமஸ் அவளுக்குப் போனது.

"லைன்ல இவ்ளோ சீக்கிரம் முடிச்சிருந்தா உனுக்குக் கை தட்டியிருப்பாங்கடா" என்றார் அப்பா, வண்டியில் வரும்போது.

"நீதான பச்சை ஒட்டின!" என்று அழுதேன்.

அப்பாவுக்கு அந்த மாதம்தான் வேலை மாற்றியிருந்தார்கள். கையில் ஸ்க்ரூ கிடையாது. லைன் கடைசியில் நின்று, நகர்ந்து வரும் சீட்டுகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்று மதியமும் ஓ.டி.க்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்பி, ஷூவைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரூ முடுக்கிய காலத்தில் வந்ததும் எங்களோடு மல்லுக்கட்டுகிற மனிதர்.

"சும்மா நிக்கிற வேலைக்கு இன்னா பில்டப்புப்பா?" என்றேன். தோற்றவனுக்கு வாய் நீளம்.

"ஆமாடா. பச்சை வேலை" என்று சிரித்தார். பிறகு என் தாளை வாங்கி, பச்சையை நகத்தால் சுரண்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பை எடுத்து அழுத்தி ஒட்டினார். ஒட்டிய பிறகும் கட்டைவிரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

நான் ஒரு மரமண்டை. அந்தச் சிவப்பைப் பாட்டுக்கு மட்டும்தான் ஒட்டினார் என்று நினைத்துக்கொண்டேன்.