சிவப்புப் பட்டனில் ஒரு விரல்

இது நடந்தது. இரண்டாயிரத்து மூன்று கோடையில், ஹெப்பகோடியில் நடந்தது. அந்தத் தெருவில் போய்க் கேட்டால் இன்றைக்கும் கையை நீட்டி வீட்டைக் காட்டுவார்கள். பட்டப்பகலில் ஒரு பெண் செத்துப்போனதைச் சொல்வார்கள். மெஷினில் மாட்டிக்கொண்டாள் என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம், கேளுங்கள். ஆனால் நடந்தது.

முனிகிருஷ்ணனுக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் மெஷின்களைப் பழுது பார்க்கும் இன்ஜினியர். வயரைத் தவிர வேறு எதையும் நம்பாத ஆள். மெஷின் ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், நின்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்பான். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவான். அவன் மனைவி காந்தா பக்கத்துத் தெரு நர்சரியில் டீச்சர். குழந்தை இல்லை. அவனுக்கு அவள், அவளுக்கு அவன்.

வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு ஷெட். லீவு நாளெல்லாம் அவன் அங்கேதான் கிடப்பான். சொந்தமாக ஒரு சி.என்.சி. மெஷின் கட்டிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேஜை அளவுக்கு இரும்புச் சட்டம். இடம் வலம் ஓட ஒரு மோட்டார், முன்பின் ஓட ஒன்று, மேலே கீழே போக ஒன்று. நடுவில் மரத்தைக் குடைகிற ரௌட்டர். கம்ப்யூட்டரில் வரைந்ததை மரத்தில் அப்படியே வெட்டிக் கொடுக்கும். தொழிலுக்காக அல்ல, வெறும் ஆசை. காந்தாவுக்கும் அதில் ஓர் ஆசை இருந்தது. நர்சரிப் பிள்ளைகள் விரலால் தடவித் தடவிப் படிக்க, மரத்தில் கன்னட எழுத்துகள் வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

எல்லாம் தயார். மூன்று மோட்டார்களையும் ஆட்டுவிக்கிற கன்ட்ரோலர்தான் பாக்கி. அதற்கு இரண்டு வழி இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரின் பிரிண்டர் போர்ட்டிலிருந்தே வயர் இழுத்துவிடலாம். அதைச் செய்தும் பார்த்தான். கம்ப்யூட்டர் நடுவில் ஒரு கணம் வேறு வேலை பார்த்தால் போதும், மோட்டார் தடுமாறியது. வட்டம் வரைந்தால் முட்டை வந்தது. இன்னொரு வழி, தனிப் பெட்டியாக வருகிற கன்ட்ரோலர். அதற்கென்று சொந்த மூளை உண்டு. கம்ப்யூட்டரை எதிர்பார்க்காது.

"முட்டையா வந்தா வந்துட்டுப் போவுது. புள்ளைங்க என்ன அளந்தா பாக்கப் போவுது?" என்றாள் காந்தா.

"செய்யறதை ஒழுங்கா செய்யணும்."

எஸ்.பி. ரோட்டில் கோவிந்தப்பாவின் பழைய சாமான் கடை. சந்துக்குள் சந்து. அங்கேதான் அந்தப் பெட்டி கிடந்தது. சாம்பல் நிற இரும்புப் பெட்டி. முகப்பில் சின்னத் திரை. அதன் கீழே காளான் மாதிரி ஒரு சிவப்புப் பட்டன். அவசரத்துக்கு அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும்.

"கதவு செய்யற ஃபேக்டரி சாமான் சார். பேக்கா, பேடவா? வேணுமா, வேணாமா? சட்டுனு சொல்லுங்க" என்றார் கோவிந்தப்பா.

வேண்டும் என்றான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

வயரிங் முடிக்க இரண்டு லீவு நாள் ஆனது. நிதானமாகச் செய்தான். ஒவ்வொரு மோட்டாருக்கும் நகரச் சொல்ல ஒரு வயர், எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு வயர். ஓரத்தில் போய் முட்டாமல் இருக்கச் சின்னச் சின்ன சுவிட்சுகள். கடைசியாக அந்தச் சிவப்புப் பட்டனின் இரண்டு வயர்கள். அமுக்கினால் அந்த இணைப்பு அறும். பிறகு பட்டனைக் கையால் திருகினால்தான் வெளியே வரும். அதுவரை மெஷின் அசையாது.

முதல் எழுத்து. ரௌட்டர் கத்த ஆரம்பித்தது. மரத்தூள் பறந்தது. வளைவு அழகாக வந்துகொண்டிருந்தது. காந்தா கை தட்டினாள்.

பாதியில் நின்றது.

திரையில் 'ஸ்டாப்' என்று இருந்தது. ரௌட்டரின் மின்சார இரைச்சல் வயரில் ஏறியிருக்கும் என்று நினைத்தான். அது சகஜம். மேலே வலை சுற்றிய வயராக மாற்றினான். ரௌட்டரின் வயரைத் தள்ளிக் கட்டினான். எர்த்தைச் சரிபார்த்தான். மறுபடி ஓட்டினான்.

மறுபடி பாதியில் நின்றது.

இந்த முறைதான் கவனித்தான். பட்டன் உள்ளே போயிருந்தது.

"காந்தா, இதை அமுக்கினியா?"

"நான் இங்க நிக்கறேன். அது அங்க இருக்கு. எப்படிங்க அமுக்குவேன்?"

அவள் சொன்னது சரி. அவள் கதவருகே நின்றிருந்தாள். மெஷினின் அதிர்வில் பட்டன் இறங்கியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டான். உள்ளே ஸ்பிரிங்கை மாற்றினான். விரல் வலிக்க அமுக்கினால்தான் இறங்கும் என்கிற அளவுக்குக் கெட்டியான ஸ்பிரிங்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம். வெயில் ஷீட்டின் மேல் காய்ந்தது. காந்தா வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் ஷெட்டில் தனியாக நின்று பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தான். ரௌட்டர் ஓடியது. மரத்தூள் பட்டன் மேல் மெல்லிசாகப் படிந்தது.

டக்.

அவன் கண் முன்னாலேயே இறங்கியது. அதிர்ந்து விழவில்லை. யாரோ தயங்கித் தயங்கி, பிறகு பலமெல்லாம் கூட்டி அமுக்கின மாதிரி... மெதுவாக இறங்கியது.

குனிந்து பார்த்தான்.

தூளின் மேல் ஒரு விரல் பதிந்திருந்தது.

சின்ன விரல். ஒரு குழந்தையின் கட்டைவிரல் அளவு.

துடைத்தான். பட்டனைத் திருகி எடுத்தான். ஓட்டினான். தூள் படிந்தது.

டக்.

அதே விரல்.

வேறொருவனாக இருந்தால் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பான். முனிகிருஷ்ணனுக்குப் பயம் வரவில்லை, கோபம் வந்தது. ஒழுங்காக வயரிங் செய்த மெஷின் ஒன்று தன்னை மதிக்கவில்லை என்கிற கோபம். பெட்டியின் மூடியைக் கழற்றினான். பட்டனின் இரண்டு வயர்களையும் பிடுங்கினான். இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினான். இனி பட்டனை யார் அமுக்கினாலும் மெஷின் நிற்காது.

"இப்ப அமுக்கு, பாப்போம்" என்றான் காலி ஷெட்டைப் பார்த்து.

யாரும் அமுக்கவில்லை.

மெஷின் அருமையாக ஓடியது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. காந்தா அவற்றுக்கு உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி நர்சரிக்குக் கொண்டுபோனாள். பிள்ளைகள் அடித்துக்கொண்டு வாங்கித் தடவிப் பார்த்தார்கள் என்று வந்து சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் பார்த்து நாளாகியிருந்தது.

அந்த நாளும் ஞாயிறுதான். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. கடைசி எழுத்தும் வெட்டியாகிவிட்டது. முனிகிருஷ்ணன் மெஷினை அணைத்தான். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டான். இதில் சந்தேகமே வேண்டாம், பிடுங்கினான்.

"தூளை நான் கூட்டிடறேன். நீங்க போய்க் கை கழுவுங்க" என்றாள் காந்தா.

அவன் ஷெட் வாசலில் குழாயைத் திறந்தான்.

பின்னால் ஒரு சத்தம். ங்ங்ங்... என்று.

ரௌட்டர் சத்தம்.

திரும்பினான்.

ரௌட்டரைத் தாங்கிய மெஷினின் கை நகர்ந்துகொண்டிருந்தது. குனிந்து பெருக்கிக்கொண்டிருந்த காந்தாவை நோக்கி, அவசரமே இல்லாமல் நகர்ந்தது. அவள் நிமிர்வதற்குள் முந்தானை அதில் மாட்டியது.

"ஏங்க..."

முழுதாகக் கத்தக்கூட அவளால் முடியவில்லை. சேலை கழுத்தைச் சுற்றி இறுகியது. ரௌட்டர் சேலையைச் சுருட்டிச் சுருட்டி இழுத்தது. அவள் கை பெட்டியைத் தேடியது. பட்டனைக் கண்டுபிடித்தது.

டக்.

நிற்கவில்லை.

திருகி எடுத்து மறுபடி அமுக்கினாள்.

டக்.

நிற்கவில்லை.

அவன் ஓடிவந்து சேலையைப் பிடித்து இழுத்தான். கிழியவில்லை. பாலியஸ்டர். பிளக்கைப் பிடுங்கச் சுவரை நோக்கிப் பாய்ந்தான்.

சுவரில் பிளக் இல்லை.

அது அவன் காலடியில் கிடந்தது. அவன் போட்ட இடத்தில்.

டக்... டக்...

அப்புறம் அந்தச் சத்தமும் இல்லை.

அது நின்ற பிறகுதான் ரௌட்டர் நின்றது.

போலீஸ் வந்தது. பிளக் வெளியே கிடந்ததை அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். "அதிர்ச்சியில அப்படித்தான் தோணும் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். விபத்து என்று எழுதினார்கள். நர்சரிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

காரியம் முடிந்த கையோடு அவன் எஸ்.பி. ரோட்டுக்குப் போனான். பெட்டி யாரிடமிருந்து வந்தது என்று கோவிந்தப்பாவின் சட்டையைப் பிடித்துக் கேட்டான். தொம்மலூரில் நாராயணசாமி என்றொருவர், கதவு ஃபேக்டரியில் மெஷின் பார்த்தவர், அவரே கொண்டுவந்து போட்டார் என்று தெரிந்தது.

தொம்மலூரில் ஆபீஸ் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு பழைய சந்து. நாராயணசாமி கதவைத் திறந்தார். அறுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். முனிகிருஷ்ணன் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தைதான் சொன்னான். அவர் அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"பட்டன் தானா அழுந்துச்சா, தம்பி?"

"அழுந்துச்சு."

"வயரைக் கழட்டிட்டீங்களா?"

 பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"அதுக்கு முன்னாடி... தூசி மேல விரல் தெரிஞ்சுதா? எம்மாம் பெரிசு?"

"சின்னது. குழந்தை விரல் மாதிரி."

பெரியவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"எங்க ஃபேக்டரில இருந்தப்ப அது பெரிய விரல். ஆம்பள விரல். யாருதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. வேலை கெடுதேன்னு நான்தான் வயரைச் சேர்த்து முறுக்கினேன். ஒரு வாரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் என் பொண்ணு பார்கவி மத்தியானச் சாப்பாடு எடுத்துட்டு வந்தா. ஒன்பது வயசு தம்பி."

சுவரில் மாலை போட்ட போட்டோ இருந்தது. இரட்டைப் பின்னல்.

"மறுநாள்லேருந்து தூசி மேல சின்ன விரல்" என்றார்.

முனிகிருஷ்ணனுக்கு எல்லாம் விளங்க ஒரு நிமிடம் ஆனது.

"தெரிஞ்சேதான் கடையில போட்டீங்களா?"

நாராயணசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தார். அந்த முகத்தில் வெட்கம் இல்லை. பல வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விடுகிறவரின் முகம் அது.

"பெரிய விரல் எப்படிப் போச்சு? என் பொண்ணு உள்ள போனதும் அது வெளிய வந்துடுச்சு. என் பொண்ணை வெளிய எடுக்க எனக்கு வேற வழி தெரியல. நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவரை அடிக்கத்தான் அவன் கையை ஓங்கினான். அவர் தடுக்கக்கூட இல்லை.

"வீட்டுக்குப் போய்ப் பாருங்க. இப்ப யார் விரல்னு" என்றார்.

வீட்டுக்கு வந்து ஷெட்டைத் திறந்தான். மெஷின் மேல் தூசி படிந்திருந்தது. பெட்டியில் ஒரு வயர்கூட இல்லை, எல்லாவற்றையும் போலீஸ் அறுத்துப் போட்டிருந்தது. சுத்தியலை எடுத்தான். தலைக்கு மேல் ஓங்கினான்.

டக்.

சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுப் பட்டன் அருகே முகத்தைக் கொண்டுபோனான்.

அந்த விரலை அவனுக்குத் தெரியும்.

அன்றைக்கு இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். பேசிப் பார்த்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் பட்டன் இறங்கியது. அவன் திருகி எடுத்தான். அது இறங்கியது. ஆறுதல் கேட்டு அல்ல. நிறுத்து, நிறுத்து, நிறுத்து என்று அதே பதற்றத்தோடு, அதே கழுத்து இறுக்கத்தோடு. உள்ளே அவளுக்கு அந்த மதியம் இன்னும் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு சிக்பேட்டை சண்டே பஜாரில், தரையில் ஒரு கோணியை விரித்து அதன் மேல் பெட்டியை வைத்துக்கொண்டு முனிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தான். பட்டன் மேல் ஒரு துணி. பலபேர் வந்து கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தான். தனியாக இருக்கிறேன் என்றவர்களுக்குத் தரவில்லை.

சாயங்காலம் ஒருவர் வந்தார். கண்ணாடி போட்ட, சாதுவான மனிதர். பேர் சேஷகிரி என்றார். வீட்டிலேயே மெஷின் கட்டுகிறாராம். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள்.

"வேலை செய்யுமா சார்?"

"நல்லா செய்யும்" என்றான் முனிகிருஷ்ணன். பெட்டியைப் பேப்பரில் சுற்றினான். நூல் கட்டினான். அவர் கையில் கொடுக்கும்போது குரல் நடுங்காமல் சொன்னான்:

"ஓடறப்ப இந்தச் சிவப்புப் பட்டன் அப்பப்ப தானா அழுந்தும். தொந்தரவா இருந்தா ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கிடுங்க."