எதிர்ப்பக்கம் சுற்றிய தசை

“ஆடி பதினெட்டு, காலை 10.20. வெந்நீர் ஊற்றியதும் விரல் மடங்கவில்லை, நிமிர்ந்தது.”

என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. நிமிர்ந்தது ஒரு மரவிரல். செய்தவன் என் மைத்துனன், திருநெல்வேலியில் பாலிடெக்னிக் ஆசிரியர். மறுநாள் கல்லூரிக் குழு வந்து பார்க்கும். விரல் எதையாவது தூக்கினால் அவன் ஆராய்ச்சி தொடரும். இல்லாவிட்டால் அத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

செயற்கைத் தசைக்கு அவன் எடுத்துக்கொண்டது தூண்டில் நரம்பு. நைலான் நரம்பை இறுக முறுக்கி, சுருள்வில் போலச் சுற்றி, சூட்டில் படிய வைக்க வேண்டும். பிறகு சூடு படும்போதெல்லாம் அது நம் தசையைப் போலச் சுருங்கும், ஆறினால் நீளும். இதை நானும் படித்திருந்தேன். அவன் கையிலோ முறுக்கும்போதே அறுந்தது. பதினோராவதும் அறுந்த பிறகு, அன்று அதிகாலை பஸ்ஸிலேயே விக்கிரமசிங்கபுரத்துக்கு எங்கள் வீடு தேடி வந்துவிட்டான். அவன் அக்கா, அதாவது என் மனைவி, நூல் ஆலையில் முறுக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

அவன் துளைபோடும் மிஷினில் நரம்பை மாட்டி முறுக்க, அவள் அதன்மேல் விரலை வைத்தபடி நின்றாள்.

“போதும், நிறுத்துலே. இன்னும் ஒரு சுத்து போச்சுன்னா பட்டுன்னு அறுந்துரும்.”

அறுந்துபோகவில்லை. அதைச் சைக்கிள் கம்பியில் நெருக்கமாகச் சுற்றிச் சூட்டில் படிய வைத்ததும் அவள்தான். பார்க்க அழகான சுருள். அதை ஒரு குழாய்க்குள் வைத்து விரலோடு கட்டி, வெந்நீர் விட்டபோதுதான் மேற்படி விபரீதம்.

“அக்கா, நீ செஞ்சது தசையில்ல, சரியான சோம்பேறி. சுடுதண்ணி பட்டா நல்லா காலை நீட்டிப் படுக்குது.”

“உன் நரம்பு பதினொண்ணும் அறுந்து கெடந்துச்சே, அது மட்டும் சுறுசுறுப்பாக்கும்?”

நான் என் குறிப்பை வாசித்தேன்: முறுக்கு வலப்பக்கம், சுற்று இடப்பக்கம்.

“ஏன்க்கா எதிர்ப்பக்கமா சுத்துன?”

“பின்ன எப்படிச் சுத்துவாங்க? மில்லுல இழைக்கு ஒரு பக்கம் முறுக்குனா, சேத்து முறுக்குறது மறுபக்கம்தான். அப்பத்தான் நூலு அடங்கி…” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “போச்சு! அடங்குறதுக்குச் சுத்திட்டேன். உனக்கு துள்ளணும்லா?”

பகல் சாப்பாட்டுக்கு முன் வேறொரு நரம்பை முறுக்கி, இம்முறை அதே பக்கமாகச் சுற்றினாள். தூக்குவதற்குக் கைக்குக் கிடைத்தது சமையலறையில் இருந்த உடன்குடிக் கருப்பட்டி. நூலில் கட்டி, தரையைத் தொடும்படி விரலிலிருந்து தொங்கவிட்டோம். வெந்நீர் இறங்கியதும் விரல் பைய மடங்கியது. கருப்பட்டி தரையை விட்டு எழும்பியது.

“தூக்குதுக்கா! அத்தான், நேரத்தை எழுதுங்க!”

1.05.

ராசியான கருப்பட்டி என்று மறுநாள் கல்லூரிக்கும் அதையே கொண்டுபோனான். அங்கேயும் தூக்கியது. குழுவினர் ஆராய்ச்சியைத் தொடரச் சொன்னார்கள். அந்த மகிழ்ச்சியில் எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டான். அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு போன் செய்தான்.

“அத்தான், அது எவ்வளவு கனம்?”

கால் கிலோ இருக்கும் என்பது அவன் கணக்கு. முந்நூறு கிராமுக்குக் குறையாது என்கிறாள் என் மனைவி. தூக்கிய எடை இன்றுவரை உறுதியாகவில்லை. யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.